லாசர் வண்டியில் ஒரு வழக்கு

"பேரு மட்டும் சொல்லப்படாதுங்கம்மா. உங்க பேரும் வேண்டாம், அவரு பேரும் வேண்டாம்" என்றார் கண்டக்டர் லாசர்.

அந்தப் பெண் தலையாட்டினாள்.

நாகலூரில் ஒரு தகரப் பெட்டியோடு ஏறியவள். முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மறைத்திருந்தாள். ஏற்காட்டுக்குச் சீட்டு வாங்கும்போதே குப்பனூர் வழியாகப் போகிற பஸ் எப்போது என்று கேட்டாள். அங்கே அம்மா வீடு. இனிமேல் திரும்பி வருவதாக இல்லை என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள். 

பக்கத்தில் இருந்த ஜெயமேரிதான், "மனசுல வெச்சுக்கிட்டுப் போகாத கண்ணு, இந்த வண்டியில சொல்லு" என்றாள். ஜெயமேரி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். அவள் வழக்கே இரண்டு தடவை இந்த வண்டியில் தீர்ந்திருக்கிறது.

நாகலூர் வண்டியில் வீட்டுச் சண்டைகளை விசாரிக்கிற பழக்கம் எப்போது வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. சட்டங்கள் எப்போது வந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு சந்தை நாளில் மாமியார் கட்சியும் மருமகள் கட்சியும் கூடையைத் தூக்கி அடித்துக்கொண்டதில் வண்டி முழுக்கத் தக்காளியாகிப் போனது. கழுவி முடித்த கையோடு லாசர் சட்டம் போட்டார்.

யார் பேரையும் சொல்லக் கூடாது. வழக்கு சொல்கிறவர் முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை பேசினால் சீட்டை விட்டு எழுந்து நிற்க வேண்டும். 'பிரிந்து போ' என்று யாரும் புத்தி சொல்லக் கூடாது. எதிராளி சொல்வதையும் கேட்காமல் தீர்ப்பு கிடையாது. கடைசி நிறுத்தமான ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கிவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

"என்ர தப்பு ஒண்ணு இருக்குதுங்க" என்று ஆரம்பித்தாள் அவள். "இன்னைக்குக் காலையில கோவத்துல அவரு சோத்துப் போசியத் தூக்கி வாசல்ல வீசிட்டேன்."

"செரி. அவரு என்ன பண்ணுனாரு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கட்டி ஒரு வருசமாச்சு, அடிச்சதில்ல, வெஞ்சதில்ல. ஆனா அவரு வேல செய்யற எடத்துக்கு நான் வரப்படாது. சோறு கொண்டுக்கிட்டுப் போனா வாங்கிக்கிட்டு, ஊட்டுக்குப் போ, ஊட்டுக்குப் போன்னு தொரத்துவாரு. கண்ணாலம் காதுகுத்துன்னா அவரு முன்னால போயிருவாரு. நான் வேற வண்டியில வரோணும். ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு."

முந்தானையைக் கொஞ்சம் விலக்கினாள். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு.

"என்னையக் கூட்டிக்கிட்டு நாலு பேரு முன்னால வர அவருக்கு வெக்கம். வேற என்னங்க இருக்கும்?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மிளகு மூட்டையோடு சந்தைக்கு வந்த பெரியண்ணன் அந்தப் புருசனை ஒரு வார்த்தை சொன்னார். லாசர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே, "நான் சொன்னது தப்பு, ஆனா அவன் பண்றதும் தப்புதான்" என்றார்.

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவள் பக்கம்.

லாசருக்கும் மனசு அவள் பக்கம்தான். ஆனால் சட்டம் அவர் போட்டது.

"அவரு என்ன சொல்றாருன்னு கேக்காம முடிக்கப்படாதுங்கம்மா. அவரு இந்த வண்டியில இருக்காருங்களா?"

"இருக்காருங்க" என்றாள்.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோடியாக வந்திருந்த பெண்கள் தங்கள் புருசன்மாரைப் பார்த்தார்கள்.

வண்டி நின்றது. நிறுத்தமே இல்லாத இடம். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம். மாடு ஏதாவது குறுக்கே வந்திருக்கும் என்று லாசர் எட்டிப் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.

டிரைவர் மாதையன் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து திரும்பி நின்றார். போன வாரம்தான் இந்த வண்டிக்கு மாறி வந்தவர். நாகலூரில் வாடகைக்கு இருக்கிறார் என்பதற்கு மேல் லாசருக்கு ஒன்றும் தெரியாது. டீ வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள்.

"கண்ணாயி" என்றார்.

பேர் சொல்லக் கூடாது என்பது முதல் சட்டம். லாசர் சும்மா இருந்தார்.

"கண்ணாலமான புதுசுல இவள ஒரு தடவ ஏத்திக்கிட்டு வந்தேனுங்க. பொறத்தால இவ உக்காந்திருக்கான்னு நெனப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் ரோடு தெரியல, பள்ளந்தான் தெரிஞ்சுது. வளைவுக்கு வளைவு கை நடுங்கிப் போச்சு. இப்பவும் அப்படித்தானுங்க, இவ கூட வந்தா வேற ஆளு ஓட்டுனாலும் எனக்குப் பள்ளந்தான் தெரியுது. டிரைவரு வேல பாக்கறவன் இதப் போயி எப்படிங்க வெளியில சொல்றது?"

கைகளை விரித்துக் காட்டினார். உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தன.

பெரியண்ணன்தான் கேட்டார். "அப்ப நாங்கெல்லாம் உளுந்தாப் பரவாயில்லீங்களா?"

வண்டி குலுங்கச் சிரித்தது. மாதையன் சிரிக்கவில்லை. "உங்கள நான் பத்தரமா எறக்கி உட்டுருவனுங்க" என்றார்.

கண்ணாயி எழுந்தாள். முந்தானை தோளுக்கு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. முன்படி வரை நடந்து வந்து அவர் கைகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கீழே இறங்கினாள்.

"ஏனுங்கம்மா, தீர்ப்பு?" என்றார் லாசர்.

"நான் நடந்தே ஊட்டுக்குப் போயிக்கறனுங்க. பொட்டி வண்டியிலயே இருக்கட்டும், பொழுதோட அவரு கொண்டாந்துருவாரு."

வந்த வழியே திரும்பி நடந்தாள். மாதையன் சீட்டில் உட்கார்ந்து பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவள் சேலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

அவள் வளைவு திரும்பிக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும், சந்தைக்கு நேரமாகிறது என்று வண்டிக்குள் ஒருவரும் சொல்லவில்லை.