நடுச்சுவர்

“இதயத்துக்கு எத்தனை அறை?”

நர்ஸிங் படிக்கும் மனைவிக்கு மறுநாள் பரீட்சை. கணவன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டான்.

“நாலு.”

“கெட்ட ரத்தம் எந்தப் பக்கம் வந்து சேரும்?”

“வலது பக்கம். அங்கேருந்து நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜனோட இடது பக்கம் திரும்பும்.”

“சபாஷ். ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா வெளியில எப்படித் தெரியும்?”

“உதடு... விரல் நுனியெல்லாம்...”

“நீலமாயிடும். நேத்து கடகடன்னு சொன்னியே! சரி, கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல சுவர் எதுக்கு?”

அவள் நெற்றி வேர்த்திருந்தது.

“இப்படிப் பயந்தா எப்படி? பரீட்சைதானே, போனா போகுது. அடுத்த தடவை எழுதிக்கலாம்.”

“பரீட்சைக்கு இல்லைங்க.” அவள் கை வயிற்றின் மேல் போனது. “காலைல ஸ்கேன் பண்ணப்போ டாக்டர் சொன்னாங்க. நம்ம பாப்பாவுக்கு அந்தச் சுவர்ல ஓட்டை இருக்காம்.”

அவன் கையிலிருந்த புத்தகம் நழுவியது.

“எல்லாம் நல்லா இருக்குன்னு போன்ல சொன்னியே?”

“நீங்க வேலையில இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. சின்ன ஓட்டைதானாம், தானாவே மூடிக்கலாமாம். மூடலைன்னா ஆபரேஷன்...”

அவன் புத்தகத்தை எடுத்து, இதயப் படம் இருந்த பக்கத்தைத் தேடி அவள் மடியில் வைத்தான்.

“எந்த இடம்னு காட்டு. எனக்கு முதல்லேருந்து சொல்லிக்குடு. அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வர்றேன், கேக்கறதுக்கு எனக்கும் தெரியணும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். புரியும்வரை அவன் விடவில்லை.