டாப்பெட் சத்தம்

வீட்டுக்குள் ஒரு கதர்த் துண்டுகூட நுழையவிடாமல் ராவ் பகதூர் பட்டத்துக்குக் காத்திருந்தார் மயிலாப்பூர் வக்கீல் பட்டாபிராம ஐயர். தம் கார் எஞ்சினின் கேம்ஷாஃப்ட் டைமிங்கைக்கூடத் தாமே திருத்தியவர். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலைப் பந்தயத்தில் டாக்டரின் காரை முந்தியே தீருவேன் என்று கிளப் முழுக்கச் சொல்லியிருந்தார்.

தோற்றார். கார் தையல் மிஷின் போலக் கடகடத்துக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தது.

“டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவுல சந்து இவ்ளோ அகலமா கீதே சாமி, எப்டி இழுக்கும்?” என்றார் மெக்கானிக் ஷரீஃப்.

“நேத்து நானே தகடு வெச்சு அளந்தேன். டாக்டர் பேச்சைக் கேட்டுண்டு நீதான் கை வெச்சிருக்கே.”

“உங்க ஷெட்டு, உங்க பூட்டு. நான் எங்க பூந்தேன்?”

வீட்டுக்கு வந்து ஐயர் அந்த இடைவெளியை மறுபடி சரிசெய்தார். காபி கொண்டுவந்த மனைவி கனகவல்லிக்கு வழக்கமான பிரசங்கமும் நடந்தது.

“இடைவெளி கூடினா சத்தம் கூடும், வேகம் குறையும். ஒனக்கெங்க புரியப்போறது?”

“நீங்க சொன்னா கேட்டுக்கறேன்,” என்றாள் அவள்.

மறுநாள் மாலை லஸ் முனையில் அதே கடகட சத்தம். ஐயர் வீட்டுக் கூடத்தில் நூல் நூற்றுக்கொண்டிருந்த மாமிகள் ராட்டைகளோடு எழுந்து கொல்லைப்பக்கம் கிளம்பினார்கள்.

“நேத்துதானே சரிபண்ணினார்?” என்றாள் ஒரு மாமி.

“கார்த்தால அவர் குளிக்கறச்சே மறுபடி திருகைத் தளர்த்திட்டேன்,” என்று ஸ்பானரை அரிசிப் பானைக்குள் புதைத்தாள் கனகவல்லி. “சாவகாசமாப் போங்கோ. சத்தம் கூடினா வேகம் குறையும்னு அவரேதான் சொல்லிக்கொடுத்தார்.”