பட்டுப்புழு அலமாரி

கையை உள்ளே விட்டாள்.

பட்டுப்புழு வளர்ப்புப் புத்தகங்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, நாவல் இருந்தது.

அந்த அலமாரிக்கு யாரும் வருவதில்லை. பாளையங்கோட்டையில் பட்டுப்புழு வளர்ப்பவர் யார்?

நூலகத்தில் உறுப்பினராக, உள்ளூர் அரசு ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். விடுதி மாணவிக்கு அப்படி யாரையும் தெரியாது. அதனால் ஞாயிறுதோறும் வருவாள். அலமாரிக்கு அடியிலேயே தரையில் உட்கார்ந்து வாசிப்பாள். பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து, ஒளித்துவிட்டுப் போவாள்.

ஒரு லாரி ஓட்டுநரும் அவன் மனைவியும் ஊர் ஊராகச் சுற்றும் கதை. பக்கத்துக்கு ஒரு சண்டை. சண்டைக்கு ஒரு சிரிப்பு.

மூன்று வாரமாக உள்ளே இன்னோர் அடையாளமும் இருக்கிறது. பழுப்பு நிற அட்டை ஒன்று.

யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். எடுத்துப் போகவில்லை. வாசித்துவிட்டு அதே இடத்தில் ஒளித்து வைக்கிறார்கள்.

முதல் வாரம் அவள் 90ஆம் பக்கம். அட்டை 31.

அடுத்த வாரம் அவள் 150. அட்டை 112.

இன்று அவள் 205. அட்டை 208.

முந்திவிட்டார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். விடமாட்டாள்.

208இல் ஓட்டுநரின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. 214இல் அவள் இறந்துபோனாள்.

இரண்டு பக்கம் எழுத்தே தெரியவில்லை.

226இல் ஆடு வந்தது. எங்கிருந்தோ வந்து லாரியில் ஏறிக்கொண்டு, இறங்க மறுத்தது. மனைவியின் இருக்கையில் அமர்ந்து, அவளைப் போலவே வழி முழுக்க ஓட்டுநரைத் திட்டியது. இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

262இல் நிறுத்தினாள். பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ். கடையில் ஒரு சோப்பு. ஐந்து மணிக்குள் விடுதி.

வெளியே போகும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். நூலகம் என்று எழுதினால் கல்லூரியிலேயே இருக்கிறதே என்பார்கள். அங்கே இருப்பதெல்லாம் பாடப் புத்தகம். அதனால் சோப்பு.

"வாராவாரம் சோப்பு," என்றார் வார்டன். "நீ அதத் தேய்க்கியா, திங்கியா?"

அடுத்த ஞாயிறு அட்டை 208இலேயே இருந்தது.

ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். 310 வரை வாசித்தாள். ஆடு இப்போது சோதனைச் சாவடிகளில் பிரபலமாகிவிட்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறும் 208. ஆனால் அட்டை தலைகீழாக இருந்தது.

வந்திருக்கிறார்கள். எடுத்திருக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பவில்லை.

முதல்முறையாக அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

மருத்துவமனையில் உடனிருப்பவருக்குக் கொடுக்கும் சீட்டு. பெண்கள் பிரிவு. கட்டில் எண் 14. போன வருடத் தேதி. ஓரமெல்லாம் மடங்கி, நைந்து, மெத்தென்று இருந்தது.

அன்று அவள் வாசிக்கவில்லை.

வரும் வழியிலேயே வாங்கிப் பையில் வைத்திருந்த புதுச் சோப்பின் உறையைக் கிழித்தாள். உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுதினாள்.

‘214ஐ மட்டும் தாண்டிருங்க. அப்புறம் ஒரு ஆடு வரும்.’

சீட்டோடு சேர்த்து வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டில் அறைத்தோழி ஜெபமலரிடம் சொன்னாள். ஜெபமலர் தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, கதைய சொல்லிட்டியா?"

"முழுசா சொல்லல."

"214ன்னு நம்பர் போட்டு சொல்லிருக்க. பெறவு என்ன முழுசா? நீ மட்டும் எங்கிட்ட அப்படிச் சொல்லிருந்தா புஸ்தகத்த உன் தலையிலயே போட்டிருப்பேன்."

அவளும் அப்படித்தான் போட்டிருப்பாள்.

வாசிக்கிறவருக்கு வாசிக்கிறவர் செய்யக்கூடாத ஒன்று. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் யாருக்கும் முன்கதை சொன்னதில்லை, பின்கதையும் சொன்னதில்லை. இப்போது முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்லிவிட்டாள். அதுவும் எதைச் சொல்லக்கூடாதோ அதை.

திங்கள், செவ்வாய் போயின. புதன்கிழமை தேர்வில் ஒரு கேள்விக்கு விடை தெரியும், எழுத மறந்தாள். அந்த மனிதர் இனி வரவே மாட்டார் என்று பட்டது. அல்லது அந்த மனுஷி.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது எட்டுச் சோப்புகள் இருந்தன.

ஞாயிறு. பதிவேட்டில் சோப்பு.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றே வந்தாள்.

கையை உள்ளே விட்டாள்.

புத்தகம் இருந்தது. திறந்தாள்.

208இல் ஒன்றுமில்லை.

மருத்துவமனைச் சீட்டு எங்கேயும் இல்லை. உதறிப் பார்த்தாள். அலமாரிக்குள் தடவிப் பார்த்தாள். பட்டுப்புழுக்களுக்குப் பின்னால் தூசிதான்.

அவள் டிக்கெட் 310இல் அவள் வைத்தபடியே இருந்தது.

அதைத் தாண்டி, 322இல், சோப்பு உறை. அதனோடு ஒரு பஸ் டிக்கெட். நேற்றைய தேதி.

அவள் எழுத்துக்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில், நீல மையில்:

‘ஆடு வந்தது. நூலகர் இரண்டு முறை முறைத்தார். நீங்கள் பன்னிரண்டு பக்கம் பின்னால் இருக்கிறீர்கள்.’

அவள் உறையை முகர்ந்தாள். சோப்பு வாசம் இன்னும் இருந்தது.

துப்பட்டாவை இழுத்துச் செருகினாள். தரையில் உட்கார்ந்தாள். 310ஐத் திறந்தாள்.

311இல் ஆடு காவல் நிலையத்துக்குள் நுழைந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறதென்று நூலகர் தலையைத் தூக்கினார். பட்டுப்புழுப் பக்கம் பார்த்து முறைத்தார்.

இந்த வாரத்தில் மூன்றாவது முறை.