வெண்டலோடு வேண்டாம்

“வெண்டலைத் தவிர யாரை வேணும்னாலும் எனக்கு ஜோடியாப் போடுங்க, ஷெல்பி. ஒரு நாற்காலியைப் போட்டாக்கூட அதோட நடிச்சுடுவேன்.”

மார்னி குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. சிகாகோவில் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில். சத்தமாகப் பேசியே பாதி வீடுகளை விற்றவள்.

ஷெல்பி அந்த வகுப்பின் ஆசிரியை. எழுதி வைத்த வசனம் கிடையாது. மேடையேறிய பிறகு இட்டுக்கட்டிப் பேசிச் சிரிக்க வைக்க வேண்டும். வேலை முடிந்து வந்து எட்டுப் பேர் கற்றுக்கொள்கிறார்கள். சட்டம் ஒன்றே ஒன்று: கூட நடிப்பவர் என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது.

சனிக்கிழமை கடைசி நாள் நிகழ்ச்சி. இரண்டிரண்டு பேராக மேடை ஏற வேண்டும்; மார்னியை வெண்டலோடு சேர்த்திருந்தாள் ஷெல்பி. மார்னி தன் அலுவலகத்தையே அழைத்திருந்தாள்.

“வெண்டல்கிட்ட என்ன குறை?” என்றாள் ஷெல்பி.

“வாயைத் திறந்தா ‘ஆமா’. அதைத் தவிர வேற என்ன தெரியும் அந்த மனுஷனுக்கு? போன வாரம் நீங்களே பார்த்தீங்கல்ல?”

போன வாரம் இருவரும் சேர்ந்து நடித்த காட்சியை வெண்டல்தான் ஆரம்பித்தார். “டாக்டர், என் நாய் மூணு நாளா குரைக்கவே மாட்டேங்குது.”

“நான் டாக்டர் இல்லைய்யா, பிளம்பர். அது நாயும் இல்ல, உங்க மாமியார்” என்றாள் மார்னி. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

வெண்டல் ஒரு கணம் விழித்தார். “ஆமாமா. அதான் மூணு நாளா கிச்சன் சிங்க்குக்கு அடியிலேயே படுத்திருக்காங்க. பிளம்பர் வந்தாத்தான் எழுந்திருப்பாங்களாம்.”

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அத்தனையும் தன்னால் வந்த சிரிப்பு என்று மார்னி அன்று மனம் குளிர்ந்துபோய் வீடு திரும்பினாள்.

“ஒவ்வொரு தடவையும் அவரை நான்தான் தூக்கிச் சுமக்கறேன், ஷெல்பி. என் ஆபீஸ்காரங்க முன்னாடி மானம் போயிடும்.”

ஷெல்பி மார்னியின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்னி திரும்பினாள். திறந்திருந்த கதவருகே வெண்டல். கையில் இரண்டு காகிதக் கோப்பைகள்.

“சர்க்கரை ரெண்டுதானே உங்களுக்கு?” என்று ஒன்றை நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். கீழ்த்தளத்துக் கடையில் நாக்கு பொசுங்கும் சூட்டில்தான் காபி தருவார்கள். இது ஆறிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாரோ. மார்னிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வாரம் முழுக்க அந்த ஆறிய காபி தொண்டையிலேயே நின்றது. வீடு காட்டப் போன இடத்தில் சமையலறையைத் திறந்தவள், சிங்க்கைப் பார்த்ததும் பேச்சு வராமல் நின்றாள். வெட்கப்பட்டுப் பழகியவள் இல்லை. அந்த வெட்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டாள். ஷெல்பி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நான் பேசினது தப்பு. ஜோடியை மாத்த வேணாம். வெண்டலோடயே ஏறிடறேன். பாவம், நானும் கழட்டி விட்டுட்டா அவரை யாரு சேர்த்துக்குவா?”

தப்பை ஒப்புக்கொள்ளும்போதுகூட அவளுக்கு ஒரு படி மேலே நின்றுகொண்டுதான் ஒப்புக்கொள்ள வந்தது.

ஷெல்பி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். “சொல்ல வேணாம்னுதான் இருந்தேன், மார்னி. மத்த ஆறு பேரும் தனித்தனியா எங்கிட்ட வந்து கேட்டுட்டாங்க.”

“வெண்டல் வேணாம்னா?”

“வெண்டல்தான் வேணும்னு. நாம என்ன உளறினாலும் ஏத்துக்கிட்டுத் தூக்கி நிறுத்திடறாரு, அவரோட ஏறினா பயமே இல்லைன்னு.”

மார்னிக்கு அந்த மாமியார் ஞாபகத்துக்கு வந்தார். சிங்க்குக்கு அடியில் படுத்திருந்த மாமியார். வகுப்பு யாரால் சிரித்தது என்று இப்போதுதான் உறைத்தது. காது மடலெல்லாம் சுட்டது.

“அப்போ… என்னை யாரு கேட்டா?”

ஷெல்பி நேராகவே இருந்த நாற்காலியை இன்னொரு தடவை நேராக்கினாள்.

“வெண்டல் கேட்டாரு.”

நாற்காலியோடுகூட நடிப்பேன் என்றவள் அதே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மேடையேறும் முன் இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முதுகை ஒருவர் தட்டி, “உன் முதுகு என் பொறுப்பு” என்று சொல்லிக்கொள்வார்கள். நீ தடுக்கி விழுந்தால் நான் தாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். வகுப்பில் மார்னி எல்லோர் முதுகையும் தட்டுவாள். வெண்டலை மட்டும் அவசரத்தில் விட்டுவிடுவாள். அந்த அவசரம் அவரிடம் வரும்போது மட்டும் தவறாமல் வந்துவிடும்.

திரைக்குப் பின்னால் வெண்டல் வழக்கம்போல வந்து தட்டினார். “உங்க முதுகு என் பொறுப்பு, மார்னி.”

வெளியே அவள் அலுவலக ஆட்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மார்னி அவர் முதுகில் கையை வைத்தாள். வாய் திறந்தது; சொல்ல வேண்டிய நாலு வார்த்தை வரவில்லை. முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

“அன்னிக்கு நான் ஷெல்பிகிட்ட பேசினது… உங்க காதுல விழுந்துச்சா?”

முதல் வகுப்பிலிருந்து யார் எதைச் சொன்னாலும் ‘ஆமா’ மட்டுமே சொல்லிவந்த வெண்டல், முதல் தடவையாக, “இல்லையே” என்றார்.