நாவல் இருக்கும் கம்ப்யூட்டர்

“புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா உள்ளே இருக்கறது போயிடுமா?” கணவர் மறுபடியும் கேட்டார்.

“ஒண்ணும் போகாது சார். பழசையே வெச்சுக்கிட்டிருந்தாதான் ஆபத்து,” என்றார், மனைவி வரவழைத்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்.

“பார்த்துப் பண்ணுங்க. இவரோட நாவல் அதுலதான் இருக்கு,” என்றாள் மனைவி. “இந்த வருஷம் முடிச்சே தீருவேன்னு சபதம். தினமும் விடியக்காலையில கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்துடுவார். தொந்தரவா இருக்கும்னு நான் மிக்ஸிகூடப் போடறதில்லை. எங்க அண்ணன் வேற, எப்போ முடியும், நானே அச்சடிச்சுத் தர்றேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறார்.”

மனைவி காபி போட உள்ளே போனாள்.

“முதல்ல நாவலைத் தனியா ஒரு காப்பி எடுத்துடறேன்,” என்று சொல்லி, ‘நாவல்’ என்ற ஃபோல்டரைத் திறந்தார் மெக்கானிக். “என்ன சார், காலியா இருக்கு?”

கணவர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வரிகூட எழுத வரலை, தம்பி. ஊரெல்லாம் சொல்லிட்டேன், இப்போ முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. புதுசு போடறப்போ எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“கவலையை விடுங்க சார். நேத்து போன் பண்ணினப்பவே மேடம் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க.”