தட்டாத மேசைகள்

“குடிநீர் லாரி வேண்டாம், அமைச்சரே. அந்தச் சாய ஆலையை மூடுங்கள்.”

இதை மட்டும் சட்டசபையில் கேட்காதே என்று எங்கள் கட்சித் தலைவர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆலை அவருடைய சம்பந்தியுடையது. வழக்கமாக நான் பேசினால் எங்கள் வரிசையே மேசையைத் தட்டும். இன்று ஒரு கைகூட அசையவில்லை.

“உக்காரும்மா,” என்றார் தலைவர், திரும்பாமலே. “வீட்டுல முதல் டிகிரின்னா தலைகால் புரியாதா? சீட்டு குடுத்தது யாரு?”

அமைச்சரிடம் காட்டக் கொண்டுவந்த, சாயம் கலந்து சிவந்த தண்ணீர் பாட்டிலைத் தலைவரின் மேசையில் வைத்தேன். “எங்க ஊர் குழாய்த் தண்ணிண்ணே. குடிங்க.”

வெளிநடப்பு என்றால் எல்லோரும் சேர்ந்து போவோம், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். கட்சித் துண்டை இருக்கையில் போட்டுவிட்டுத் தனியாக நடந்தேன். திரும்பி வருவேன் என்று வாசல் காவலர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

“சாத்திருங்கண்ணே,” என்றேன்.