சக்கரக் கூடை

"சின்ன வயசுல தங்கச்சியை வண்டியில வெச்சுத் தள்ளினேன். அப்புறம் நான் பெத்ததுகளை வெச்சுத் தள்ளினேன். இப்ப கிழங்கையும் சோப்பையும் வேற வெச்சுத் தள்ளணுமா? ஆளை விடுப்பா."

வாசலில் நின்ற சிப்பந்தியிடம் இப்படிச் சொல்லிவிட்டு, தையல்காரி வழக்கமான கைக்கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். காலையிலிருந்து இதே பாட்டைத்தான் சிப்பந்தி ஆளுக்கு ஆள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாமான்களை நாமே பார்த்து எடுத்துக்கொள்ளும் கடை ஊருக்கு வந்ததே புதிது. அதற்குள் முதலாளி அடுத்த புதுமையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். மடக்கு நாற்காலி மாதிரி ஒரு சட்டம், அடியில் சக்கரங்கள், மேலே கம்பிக் கூடை. அதை யாரும் தொடவில்லை. ஒரு கூடையைத் தூக்கத் தெம்பில்லாதவனா நான் என்று வாலிபர்கள் முறைத்தார்கள். எங்களைப் பார்த்தால் தள்ளாடுகிறவர்கள் மாதிரியா தெரிகிறது என்று வயதானவர்கள் கோபித்துக்கொண்டார்கள். பெண்களுக்கோ பார்த்தவுடன் குழந்தை வண்டிதான் ஞாபகம் வந்தது.

தையல்காரிக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவள் நாத்தனாரும் இந்தக் கடைக்குத்தான் வருவாள். அண்ணி சக்கரக் கூடையைத் தள்ளிக்கொண்டு போனாள் என்று அவள் வாயில் விழுந்தால் போதும். பாவம், உடம்புக்கு முடியவில்லை, இனிமேல் தையலும் அவ்வளவுதான் என்று கதைக்குக் கை கால் முளைத்து, துணி கொடுக்கிறவர்களின் காதுவரை போய்விடும். மெஷின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கணவனுக்கு வேலை போய் வெகுநாளாகிறது. மாமனார் படுத்த படுக்கை.

உண்மையில் அவளுக்கு முடியத்தான் இல்லை. குனிந்து குனிந்து தைத்ததில் வலது தோள் கல்லாய் இறுகிக் கிடந்தது. மாவுப் பையைக் கூடையில் வைத்துத் தூக்கியதும் தோளிலிருந்து விரல்வரை சுளீரென்று இழுத்தது. சோப்பு அடுக்குக்குப் பக்கத்தில் கூடையை இறக்கிவிட்டு, விலை பார்க்கிறவள் போல அப்படியே நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"தோளா?" என்றது ஒரு குரல்.

அவள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கசங்காத உடை, அவசரமில்லாத முகம். கை ஒரு சக்கரக் கூடையின் பிடியில் லேசாகக் கிடந்தது. கூடை நிறையச் சாமான்.

ஒன்றுமில்லை என்றாள் தையல்காரி.

"ஒண்ணுமில்லாதவங்க இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க. உங்க கூடையையும் இதுமேல வைங்க. பேசிக்கிட்டே போகலாம்."

யாராவது பார்த்துவிட்டால் என்று தையல்காரி இழுத்தாள்.

"பார்க்கட்டுமே. பார்க்கிறவங்களா வந்து நமக்குத் தோளைப் பிடிச்சு விடப்போறாங்க?"

அதற்குமேல் மறுக்கத் தையல்காரிக்குத் தெம்பில்லை. இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண், "காலையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

தையல்காரி நின்றுவிட்டாள். சமையல் ஆச்சா என்று அவளிடம் கேட்க வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். நீ சாப்பிட்டாயா என்று கடைசியாக யார் கேட்டார்கள் என்பது நினைவில்லை. அதன்பிறகு அவளால் வாயை மூட முடியவில்லை. கணவன் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். மாமனாரைப் புரட்டிப் படுக்கவைப்பதைச் சொன்னாள். துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு மெஷின் சத்தத்துக்குள் அழுவதையும் சொன்னாள். அந்தப் பெண் புத்தி எதுவும் சொல்லவில்லை, ம் கொட்டிக்கொண்டு கூடவே வந்தாள். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றியது இருவருக்குமே பெரிதாகப் படவில்லை.

பிறகு அவளே சொன்னாள்: "இப்ப நீங்களும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஒரே ஒரு தடவை தள்ளிப் பாருங்க. எனக்காக."

தையல்காரி வாசலுக்குப் போய் ஒன்றை எடுத்தாள். சிப்பந்தி நம்பமுடியாமல், தன் துண்டால் பிடியைத் துடைத்துக் கொடுத்தான். அவள் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்து ஒரு நர்ஸ் திரும்பிப் போய் ஒன்றை எடுத்துவந்தாள். பின்னாலேயே தபால்காரர். பிறகு, கைக்குழந்தைக்காரி ஒருத்தி.

பணம் கட்டும் இடத்தில், நீங்கள் முதலில் போங்கள், எனக்கு இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அந்தப் பெண் விலகி நின்றாள். இன்று மாதிரி வெள்ளிக்கிழமைதோறும் வருவீர்களா என்று தையல்காரி கேட்டாள். தன் கூடையைப் பார்த்துக்கொண்டே, வருவேன் என்றாள் அவள்.

அந்த வாரம் தோள் வலித்ததென்னவோ அப்படியேதான் வலித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வரும் என்கிற நினைப்பில் நாட்கள் நகர்ந்தன. மிஞ்சிய துணியில் அந்தச் சிநேகிதிக்காக ஒரு பை தைத்து, ஓரத்தில் பூ வேலையும் செய்து எடுத்துப் போனாள்.

கடைக்குள் எங்கே பார்த்தாலும் சக்கரச் சத்தம். அவளுக்கே ஒரு கூடை கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. வரிசை வரிசையாகத் தேடினாள். சிநேகிதி இல்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ள, வாசலில் நின்ற சிப்பந்தியிடமே அடையாளம் சொல்லி விசாரித்தாள்.

"அவங்களா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "வண்டியை யாருமே தொடலையேன்னு, சும்மா தள்ளிக்கிட்டுச் சுத்தி வர்றதுக்கு முதலாளி கூலிக்கு வெச்சிருந்த ஆளும்மா அவங்க. அன்னிக்கு நீங்க ஒண்ணு எடுத்தீங்க, உங்களைப் பார்த்து மத்தவங்களும் எடுத்தாங்க. இனிமே எதுக்குன்னு மறுநாளே நிறுத்திட்டார்."